மாணிக்கம் தொட்டுப் பார்க்கும் அளவு

கோவை, ஓசூர்ப் பக்கத்துப் பெரிய பட்டறைகளில், லேத் இரைச்சல் எட்டாத ஓர் அளவீட்டு அறை இருக்கும். அங்கே ஏசி 20 டிகிரியை விட்டு நகராது. கடைந்த சூட்டோடு வரும் உதிரிபாகம் உடனே மேசை ஏற முடியாது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி கூடினாலே 11 மைக்ரானுக்கு மேல் நீண்டுவிடும். மணிக்கணக்கில் ஆறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த நிதானமே எனக்குப் பிடித்துப்போனது. மேசை கருங்கல்தான், நம் அம்மிக்கு உறவு. ஆனால் உள்ளங்கை வைத்தால் குளிர்ந்த வழவழப்பு.

அதன்மேல் காற்றுப்படலத்தில் மிதந்து நகர்கிறது சிஎம்எம் என்ற அளவீட்டு எந்திரத்தின் பாலம். லேசான ‘உஸ்’ தவிர ஓசையில்லை. முனையில் செயற்கை மாணிக்கத்தில் செய்த சிவப்புக் குண்டு. உதிரிபாகத்தின் துளைக்குள் இறங்கி உட்சுவரில் பட்டதும் சட்டென்று விலகும், அடுத்த இடம் தேடும். வட்டத்துக்கு மூன்று புள்ளி போதும் என்பது கணக்கு. துளை லேசாக முட்டை வடிவில் இருந்தால் மூன்று புள்ளி அதைக் காட்டாது என்பதால், கைதேர்ந்தவர் எட்டுப் பத்து இடமாவது தொடவைப்பார். இப்போது உரசியபடியே ஆயிரக்கணக்கான புள்ளிகளை அள்ளும் ஸ்கேனிங் முனைகள் உண்டு. வேகம் அபாரம், ஆனாலும் தொட்டு விலகும் அந்த நாசூக்கு அதில் இல்லை. மெல்லிய பாகத்தைக் கிளாம்பில் பிடிப்பதுதான் கைப்பக்குவம்: அசையவும் கூடாது, இறுக்கத்தில் வளையவும் கூடாது. அதை மட்டும் எந்திரத்திடம் விடாமல், விரல் நுனியால் திருகிப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.