பழைய ஆர்15-க்கு எந்தப் பின் டயர்?

யமஹா ஆர்15 இந்தியாவுக்கு 2008-இல் வந்தபோது அதன் பின் சக்கரத்தில் இருந்தது 100/80-17 அளவு டயர். ஓட்டத்தில் பெரிதாகக் குறை சொல்ல முடியாத வண்டிதான். பின்னால் நின்று பார்த்தவர்கள்தான் டயர் ஒல்லி என்று முகம் சுளித்தார்கள். 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 130/70-ஆர்17 ரேடியல் டயர் கொடுத்து யமஹா அந்தக் குறையைத் தீர்த்தது. டயரோடு ரிம்மும் அகலமானது, ஸ்விங் ஆர்ம் மாறியது, இரு சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1290 மி.மீ.யிலிருந்து 1345 மி.மீ. ஆனது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் முதல் பதிப்பை வைத்திருப்பவர் டயர் கடையில் '130 போடலாமா?' என்று கேட்கும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

130/70-17 டயர் ஒழுங்காக உட்கார ரிம் குறைந்தது 3 அங்குல அகலம் வேண்டும். முதல் பதிப்பின் ரிம் அதைவிடக் குறுகியது. மாட்டினால் மாட்டிவிடும், காற்றும் நிற்கும். ஆனால் இரு ஓரமும் உள்ளே நெருக்கப்படுவதால் டயரின் நடுப்பகுதி எழும்பி, தரையைத் தொடும் பரப்பு குறுகிவிடும். பிடிமானத்துக்காகச் செலவழித்த பணம் பார்வைக்கு மட்டுமே பயன்படும். வண்டி வளைவில் சாயத் தயங்கும்; செயின் டயரின் பக்கவாட்டில் உரசும் ஆபத்தும் உண்டு.

120/80 என்று ஒரு நடுவழி சொல்லப்படுவதுண்டு. கணக்கு அதற்கும் ஒத்துவரவில்லை. 100/80-17 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 592 மி.மீ.; 120/80 போட்டால் 624. சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் குறைத்ததுபோல பிக்கப் மந்தமாகும். 150 சிசி இன்ஜினுக்கு அது சின்ன இழப்பல்ல. 110/80 என்றால் 608 மி.மீ., மூன்று சதவீதத்துக்குள் அடங்கும். செயின் பக்கமும் மட்கார்டு பக்கமும் இடைவெளி இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, அதுவரை போகலாம்.

அகலத்தைவிட இந்த வட்டாரத்துச் சாலைகள்தான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் வழியாகப் போகும் திருச்சி–சென்னை நான்குவழிச் சாலை நேர்க்கோடு. மே மாத வெயிலில் அதில் மணிக்கணக்காக ஓடும் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகும். அப்படிப்பட்ட டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே வைத்து நகர்த்தினால், தட்டையான நடுவும் தேயாத தோளும் சேருமிடத்தில் ஒரு விளிம்பு தட்டுப்படும். வளைவில் வண்டி திடீரென்று சரிவதுபோல் தோன்றுவது அந்த விளிம்பைத் தாண்டும்போதுதான். ஓரத்துப் பட்டனைக் காட்டி 'இன்னும் ஆறு மாசம் ஓடும்' என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது நடுப்பகுதியை. சட்டப்படி இருசக்கர வாகனத்துக்கு 0.8 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். மழைக்காலத்துக்கு அது போதாது.

அரியலூர்ப் பக்கம் பிரச்சினை வேறு. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் சிந்தும் தூசி, முதல் தூறலிலேயே சேறாகக் குழைந்து தார்மேல் படியும். அறுவடைக் காலத்தில் சாலையோரம் காயப்போட்ட மக்காச்சோளம் வேறு உருண்டு கிடக்கும். மக்காச்சோள மணிகள் மேல் எந்த டயரும் பிடிக்காது, வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. சுண்ணாம்புச் சேற்றுக்குப் பள்ளம் ஆழமான டயர் உதவும். பந்தயத் தளத்துக்கென்று பள்ளம் குறைத்துச் செய்த மென்மையான ரப்பர் இங்கே இரண்டு வகையிலும் தோற்கும்: நேர்ச்சாலையில் சீக்கிரம் தேயும், சேற்றில் வழுக்கும். மிதமான ரப்பரே இங்கு பொருத்தம். பச்சைமலைக்கு எப்போதாவது ஏறி இறங்குவதற்கும் அது தாராளம்.

டயரின் பக்கவாட்டில் இருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 52பி என்றிருந்தால் 200 கிலோ சுமை, மணிக்கு 150 கி.மீ. வேகம் வரை தாங்கும். அதே அளவில் மலிவாகக் கிடைக்கும் டயரில் வேகக் குறியீடு ஜே என்றிருந்தால் வரம்பு 100 கி.மீ.தான், இந்த வண்டிக்கு அது ஆகாது. ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். நான்கு இலக்கத் தேதியையும் தேட வேண்டும்: 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. அதிகம் விற்காத ஸ்போர்ட்ஸ் அளவுகள் சிறிய ஊர்க் கடைகளில் தகரக் கூரையின் சூட்டில் கிடந்து இறுகிவிடக்கூடும். எம்ஆர்எஃப் ஆலை பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்திலேயே இருப்பதால் உள்ளூர்க் கடையில் புதுச்சரக்கு கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் பழசு என்றால் திருச்சியிலிருந்து வரவழைக்கச் சொல்லலாம்.

2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வெளிநாட்டு டயரைத் தேடி அலைவதில் பலன் குறைவு. எம்ஆர்எஃப், மதுரை வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா, சியட், அப்பல்லோ ஆகியவற்றுக்குள் சரியான அளவும் புதிய தேதியும் எதில் அமைகிறதோ அதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்குக் குழப்பம் குறைவு: பின்னால் ரேடியல், அதே 130/70-ஆர்17. முன்னால் சாதாரண டயர், பின்னால் ரேடியல் என்ற சேர்க்கை யமஹாவே கொடுத்தது. அதைத் தலைகீழாக்கி முன்னால் மட்டும் ரேடியல் போடுவது தவறு.

மாட்டும்போது கடைக்காரர் அவசரப்படக்கூடிய இடங்கள் சில. பழைய அலாய் ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை எமரித் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல மெல்லக் கசியும். வால்வையும் கையோடு மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டு அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும். செயினை இழுத்துக் கட்டியதும் ஸ்விங் ஆர்மின் இருபுறக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் நிற்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. புதிய ரப்பரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் 150 கி.மீ. அளவுக்கு, அதிகம் சாய்க்காமல் ஓட்ட வேண்டும்.

முதல் பதிப்புக்கு 100/80 போதும், ஆசை இருந்தால் 110/80. 130-தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், டயருக்குச் செலவழிக்கும் முன் இரண்டாம் பதிப்பு வண்டி ஒன்று விலைக்கு வருகிறதா என்று விசாரிக்கலாம்.