இருக்கை எவருக்குரியது? கட்சித் தாவல் தடைச் சட்டமும் வாக்காளரும்

மலேசியாவில் 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்வழி அமைந்த அரசு 2020 பிப்ரவரியில் கவிழ்ந்தபோது வாக்காளரின் கருத்து கேட்கப்படவில்லை. அக்குறையைக் களையும் நோக்குடன் 2022இல் கூட்டரசு அரசியலமைப்பில் 49ஏ விதி சேர்க்கப்பட்டது. கட்சியிலிருந்து விலகும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இருக்கையை இழப்பார். கட்சியே அவரை நீக்கினால் இழக்கமாட்டார். இவ்விலக்கை நோக்குங்கால், சட்டம் காக்க முனைவது கட்சிக்கும் உறுப்பினருக்கும் இடையிலான உறவையே என்பது புலனாகும். வாக்காளர் அதில் மூன்றாம் தரப்பினர்.

பெர்சத்து கட்சியின் உறுப்பினர் அறுவர், எதிரணியில் அமர்ந்தவாறே பிரதமர் அன்வார் இப்ராகிமுக்கு ஆதரவு தெரிவித்தனர். அவர்களின் உறுப்பியம் முடிவுற்றதாகக் கட்சி அறிவித்தும், இருக்கைகள் காலியாகவில்லை என மக்களவைத் தலைவர் 2024 ஜூலையில் முடிவு செய்தார். தொகுதி மக்களின் நலனே காரணம் என்பது அவர்கள் தரப்பு விளக்கம். அஃது உண்மையாகவும் இருக்கலாம். எதிரணித் தொகுதிகளுக்கான மேம்பாட்டு ஒதுக்கீடு நெடுங்காலச் சிக்கலன்றோ? எனினும், அவ்விளக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்று சொல்லவேண்டிய தொகுதி மக்களை எவரும் வினவவில்லை. இருக்கை காலியானதென மக்களவைத் தலைவருக்கு எழுத்துவழி அறிவிக்கும் உரிமையைக்கூட 49ஏ விதி மக்களவை உறுப்பினர்க்கே அளித்துள்ளது.