நாகூர்க் குரல்களும் நம் செபமும்

ஆரணியில் பொழுது சாய்ந்த பின்னும் தறியோசை உடனே ஓய்வதில்லை. அது அடங்கிய ஒரு மாலையில், பங்கு இல்லத்து முன்கூடத்தில் சிலரோடு அமர்ந்து 'லயா புராஜெக்ட்' என்னும் இசைப்படத்தைக் கண்டோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து, மாலத்தீவு, மியான்மர் ஆகிய ஆறு நாடுகளின் கரையோர மக்கள் பாடும் பாடல்களைத் தொகுத்த படம் அது. அதில் நம்மை நிறுத்தி வைத்தவர்கள் நாகூர் தர்காவின் பாடகர் மூவர்: அப்துல் கனி, அஜா மைதீன், சபூர்மைதீன் பாபா சபீர்.

நாகூர் நமக்கு அயலூர் அன்று. வேளாங்கண்ணி செல்லும் நம் மக்களுள் பலர் அங்கும் சென்று வருவதுண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானி சாகுல் அமீது அடங்கிய இடம் அது. அங்கு நிற்கும் 131 அடி உயர மனோராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். பக்கீர்களின் கைப்பறையும் தமிழ் இசையின் நெளிவும் அந்த மண்ணில் நெடுநாளாகக் கூடி வாழ்கின்றன.

மூவர் குரலும் இனிமையை நாடவில்லை. இறைவனின் பெயரை ஒருவர் உயர்த்தி அழைக்க, மற்றவர் அதைத் தாங்கிக்கொள்கின்றனர். அழைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஆயினும் ஒருமுறை வந்தது போல் மறுமுறை வருவதில்லை. பாவு அசையாது நிற்க, ஊடை மட்டும் ஓடி ஓடிச் சேலையை வளர்ப்பதை நம் ஊரார் அறிவர். இப்பாடலும் அவ்வாறே வளர்கிறது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இறைவனைக் காதலியாக வைத்துப் பாடிய தமிழ் மரபை அறிந்தோர்க்கு இந்த ஏக்கம் புதிதன்று. சிலுவையின் புனித யோவானைக் கற்றோர்க்கும் அது புதிதன்று.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதிவு செய்தபின் சேர்க்கப்பட்ட மின்னிசை அடுக்குகள், குரல் ஓயும் இடத்தையெல்லாம் நிரப்பிவிடுகின்றன. கூவி அழைத்தவன் மறுமொழிக்குக் காத்திருக்கும் மௌனமே செபத்தின் உயிர். அந்த மௌனத்தை இசையமைத்தோர் நம்பியிருக்கலாம். பாடகர்கள் அழவைக்க முயலாத இடத்திலும் பின்னணி நம்மை அழச்சொல்கிறது.

படம் முடிந்ததும் பங்குப் பெரியவர் ஒருவர், "இது நம் வழிபாடு இல்லையே, சாமி. இங்கே எதற்கு?" என்றார். முறையான கேள்விதான். நாம் மறுமொழி தேடுமுன், வீட்டிலிருந்து பட்டுநூலுக்குத் தார் சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருவர் பேசினார். அந்த டிசம்பரில் வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் சென்ற தம் மகளை அலைக்குப் பறிகொடுத்தவர் அவர். "இது எந்த ஊர்ப் பாட்டு, சாமி?" என்று கேட்டார். நாகூர் என்றோம். "அப்போ அதே கடல்தானே" என்றார். பிறகு செபமாலையைக் கையில் எடுத்தார். பெரியவரே முதலில் முழந்தாளிட்டார். நாம் எல்லாரும் இறந்தோர்க்காகச் செபித்தோம்.

பெரியவரின் கேள்வி இதனால் பொய்த்துவிடவில்லை. இப்பாடலைத் திருப்பலியில் பாட நாம் ஒப்ப மாட்டோம். கிறிஸ்துவை இறைமகனாக அறிக்கையிடும் நமக்கும், அவரை இறைவாக்கினராக மட்டும் போற்றும் அவர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. அதை மறைப்பது அன்பாகாது. ஆயினும் ஒரே கடவுளை வழிபடும் இசுலாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததையும் நாம் மறக்கலாகாது. சங்க ஏட்டை நாம் குருமடத்தில் படித்துத் தேர்வெழுதினோம். அதன் பொருளை அன்று மாலை ஒரு தாயிடம் கற்றோம்.

நல்ல பக்தியிசையை எடைபோட ஓர் அளவுகோல் போதும் என்று தோன்றுகிறது. கேட்டவர் பாடகரைப் புகழ்ந்துகொண்டு வீடு செல்கிறாரா? தம் சொந்தச் செபத்துக்குத் திரும்புகிறாரா? திருப்பாடல் 130 ஆழத்தினின்று கூவுகிறது. நாகூர் மூவரும் அத்தகைய ஓர் ஆழத்தினின்றே கூவுகின்றனர். அன்று அவர்கள் நம்மை நம் செபமாலையிடமே சேர்ப்பித்தனர்.