ஐம்பத்து மூன்று மணிக்குப் பிறகு

தோஹாவில் வேலை பார்க்கிற தமிழர் வாயில் 'தொழில்பேட்டை' என்ற சொல் வராது. அவர்களுக்கு அது சனையா. கேரேஜ், வெல்டிங் பட்டறை, கிடங்கு, இவற்றோடு ஒட்டியபடி கேம்ப். தெருக்களை எண் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு அந்த எண்ணிட்ட தெருக்களின் சில அறைகளில், அடுக்குக் கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்து, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்கிறார்கள். கன்னியாகுமரிக்காரர், தூத்துக்குடிக்காரர், மன்னார்க்காரர். மாதா பிரார்த்தனையும் சேர்த்து அரை மணி நேரம். பிறகு மெஸ்ஸில் சாப்பாடு, தூக்கம், விடியுமுன் பஸ்.

கோயில் இல்லாததால் அறையில் ஜெபிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அபு ஹமூர் பக்கம், அன்றைய அமீர் ஷேக் ஹமத் பின் கலீஃபா அல் தானி கொடுத்த நிலத்தில், ஜெபமாலை அன்னை ஆலயம் 2008 மார்ச்சில் அர்ச்சிக்கப்பட்டது. வெளியே சிலுவையும் கிடையாது, மணிக்கூண்டும் கிடையாது. உள்ளே பல மொழிகளில், தமிழிலும், திருப்பலி உண்டு. வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிறு வழிபாட்டை வெள்ளியன்றே நிறைவேற்றத் திருச்சபை இடம் தந்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. காலையில் கோயிலில் ஞாயிறுக்குரிய உயிர்ப்பின் வழிபாடு. இரவு அறையில் வெள்ளிக்குரிய துயர மறையுண்மைகள். ஒரே நாளில் பாஸ்காவைத் தலைகீழாகக் கொண்டாடும் கிறிஸ்தவர்கள் வேறெங்கே இருக்கிறார்கள்?

ஆனால் வெள்ளியிலும் ஓவர்டைம் வருகிறது. டாக்சிக்குக் காசு வேண்டும். பூசைக்கு மாதம் ஒருமுறை போக முடிந்தாலே பெரிது என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய விசுவாச வாழ்க்கை முழுவதையும் தாங்கி நிற்பது அந்த அறை ஜெபமாலைதான். அது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் இங்கே பார்க்க முயல்கிறேன்.

வழக்கத்தின் பலம் அதன் எளிமை. குருவானவர் வேண்டாம், புத்தகம் வேண்டாம், வெளிச்சம்கூட வேண்டாம். மனப்பாடம் போதும். இது முத்துக்குளித்துறையிலிருந்தே நமக்கு வந்த சொத்து. 1542-இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார், கடற்கரை ஊர்களில் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, பரலோக மந்திரத்தையும் மங்கள வார்த்தையையும் தமிழில் ஒப்பிக்கச் செய்தார். அவருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' ஜெபமும் ஞானோபதேசமும் அடங்கிய சின்ன ஏடு. பாதிரிமார் எட்டிப் பார்க்காத காலங்களில் உபதேசியாரும் பாட்டிமாரும் அந்த மனப்பாடத்தை வைத்துத்தான் ஊர்களைக் காப்பாற்றினார்கள்.

சனையாவிலும் அது தன் பலத்தைக் காட்டியிருக்கிறது. 2020 மார்ச் 17 அன்று கொரோனாவுக்காகத் தொழில்பேட்டையின் முதல் முப்பத்திரண்டு தெருக்களும் அடைக்கப்பட்டன. ஆலயமும் பூட்டிக் கிடந்தது. வாரக்கணக்கில் யாரும் வெளியே போக முடியவில்லை. திருச்சபை நிர்வாகமோ பங்கோ செய்ய முடியாததை அந்த நாட்களில் ஒரு ஜெபமாலையால் செய்ய முடிந்தது. இதை மூதாட்டிகளின் பக்தி என்று இளப்பமாகப் பேசுகிற படித்த கத்தோலிக்கர்கள் ஒரு மாதம் கேம்பில் இருந்து பார்க்கலாம்.

இனி மறுபக்கம். கத்தோலிக்க மரபில் விசுவாசம் என்பது கடவுளின் கொடை. அதே சமயம் மனிதர் அறிவோடும் விருப்பத்தோடும் சொல்ல வேண்டிய பதில். பதினோராம் நூற்றாண்டில் இறையியலாளர் ஆன்செல்ம், விசுவாசம் புரிந்துகொள்ளத் தேடும் என்றார். நம்முடைய சொற்களே இதில் சிக்கலைக் கூட்டுகின்றன. விசுவாசம் என்றால் நாய்க்கும் உண்டு, கம்பெனிக்கும் காட்டலாம். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் 'நம்பிக்கை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அறையிலோ நம்பிக்கை என்றால் விசா புதுப்பிக்கப்படும், வட்டி அடையும், தங்கச்சி கல்யாணம் நடக்கும் என்பதுதான். ஜெபத்தின் முடிவில் கருத்துகளைச் சொல்லும்போது இந்த மூன்றும் தவறாமல் வரும். வரட்டும், ஏழை வேறு எதைக் கேட்பான்? கேட்டது கிடைக்காத நாளில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நேர்ச்சையைப் பேரமாகப் பழகியவனுக்கு, வேளாங்கண்ணிக்கு நேர்ந்தும் தகப்பன் செத்துவிட்டார் என்ற செய்தி போனில் வரும்போது, ஐம்பத்து மூன்று மணியில் எதையும் பதிலாக எடுத்துக் கொடுக்க முடிவதில்லை. அப்போது அவன் யூடியூபில் கத்துகிற ஒரு போதகரிடம் போகிறான். அவர் தவறான பதில் சொல்கிறார். ஆனால் பதில் என்று ஒன்றைச் சொல்கிறார்.

ஜெபமாலையை வெறும் இயந்திர உச்சரிப்பாக்கிவிடக் கூடாது, தியானம் போனால் அது உயிரற்ற உடல் என்று 1974-இலேயே திருத்தந்தை ஆறாம் பவுல் எச்சரித்திருக்கிறார். இரண்டாம் ஜான் பால் 2002-இல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தபோது, இயேசுவின் பணி வாழ்வும் மணிகளுக்குள் வந்தது. அவை வியாழனுக்குரியவை. வெள்ளி இரவு மட்டும் கூடும் அறையில் கானா ஊர்க் கல்யாணமோ இறையரசின் அறிவிப்போ தியானத்துக்கு வருவதே இல்லை. வருஷம் முழுக்கக் கசையடியும் முள்முடியும்தான். சனையாக்காரனுக்குத் துயரம் மட்டும் போதும் என்று யார் முடிவு செய்தது?

இந்த இடத்தில் 2022 மே 15 எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்று ரோமில் புனிதர்களாக அறிவிக்கப்பட்டவர்களில் நட்டாலத்துத் தேவசகாயமும் ஒருவர், சார்லஸ் தெ ஃபூக்கோவும் ஒருவர். தேவசகாயம் குரு அல்ல, துறவி அல்ல. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு காட்டுகிற தெ லனாயும் குரு அல்ல. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர். துன்பம் ஏன் என்ற கேள்வி வேலையிடத்தில் எழுந்தது, வேலையிடத்திலேயே பேசப்பட்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் நடந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். தமிழ்க் கத்தோலிக்கரின் முதல் பொதுநிலைப் புனிதருடைய விசுவாசம் ஓர் உரையாடலில் வளர்ந்தது. நம் அறைகளில் அந்த உரையாடல்தான் இல்லை.   

ஃபூக்கோவின் கதை வேறு விதம். விசுவாசத்தை இழந்த பிரெஞ்சுக்காரர் அவர். 1883-இல் மொராக்கோவில் பயணம் செய்தபோது, அங்கே முஸ்லிம்கள் தொழுவதைப் பார்த்ததுதான் அவரை உலுக்கியது. பின்னாளில் சகாராவில் தமன்ராசெத்தில் அவர்கள் நடுவே பிரசங்கம் இல்லாமல் வாழ்ந்தார், 1916-இல் அங்கேயே கொல்லப்பட்டார். கத்தாரில் மதப் பரப்புரைக்குச் சட்டம் இடம் தருவதில்லை. அதைக் குறையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். ஆனால் ஐந்து வேளையும் பாங்கு கேட்கிற ஊரில், பக்கத்துக் கட்டில் வங்கதேசத்துக்காரர் பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகும் கைகால் கழுவித் தொழுவதைப் பார்க்கிறவனுக்கு, தன் ஜெபத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது எழ வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று சொல்லிவிட்டது. அதை ஆவணத்தில் படிப்பவர்கள் பலர். அறையில் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பு சனையாக்காரனுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

மனப்பாடத்தின் மீது என் பெரிய குறை இன்னொன்று. மனப்பாடம் செய்ததையே அது மறக்க வைக்கிறது. ஞானோபதேசத்தில் விண்ணை நோக்கி முறையிடும் பாவங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. சின்ன வயதில் ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள் பலர். கூலிக்காரரின் கூலியை வஞ்சிப்பது அதில் ஒன்று. 1992-இன் திருச்சபை மறைக்கல்வி நூலும் 1867-ஆம் எண்ணில் அதைத் திரும்பச் சொல்கிறது. அந்நியருடைய கூக்குரலையும் அதே வரிசையில் வைக்கிறது. கூலி, அந்நியர் என்ற இரண்டுக்கும் உலகத்தில் சனையாவை விடப் பொருத்தமான முகவரி இல்லை. கத்தாரில் சம்பளம் வங்கி வழியாகவே வர வேண்டும் என்ற ஏற்பாடு 2015-இலிருந்து இருக்கிறது. 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் 1000 ரியால். அப்படியும் மாதக்கணக்கில் சம்பளம் நிற்கிற கம்பெனிகள் உண்டு. சம்பளம் நின்ற மாதத்தில் அறையில் என்ன நடக்கிறது? கூடுதலாக ஒரு நவநாள். சம்பளம் கிடைக்க வேண்டுதல் உண்டு. கொடுக்காதது பாவம் என்ற பேச்சு மட்டும் இல்லை. பயம் காரணமாக இருக்கலாம், அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் நான்கு பேருக்குள்ளும் பேசாத விசுவாசம், பயத்தை அடக்கமான பக்தி என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்கிறது.

ஜெபமாலையை விட்டுவிடச் சொல்லவில்லை. பிரார்த்தனைக்குப் பிறகு பத்து நிமிடம் கூட்டினால் போதும். அந்த வாரத்து நற்செய்தியை ஒருவர் போனில் பார்த்து வாசிக்கட்டும். புரியாததை ஒருவர் கேட்கட்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அடுத்த முறை கோயிலுக்குப் போகிறவர் சாமியாரிடம் கேட்டு வரட்டும். ஊரில் அன்பியக் கூட்டங்களில் நடப்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை.

நடைமுறையில் இடிக்கிற இடம் எனக்குத் தெரியும். தூக்கம் ஒரு தடை, ஆனால் பெரிய தடை அதுவல்ல. ஜெபத்தை முன்னின்று சொல்கிறவர் பெரும்பாலும் அறையில் மூத்தவர், படித்தவர், எல்லோரும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர். பல கேம்ப்களில் ஓவர்டைம் மணியைக் குறைத்து டைம்ஷீட்டில் கையெழுத்துப் போடுகிற ஃபோர்மேனும் அவரேதான்.