தூரத்துப் பச்சை எது?

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவல் 1964இல் வெளிவந்தது. பிழைப்பு நாடி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் துயரை அது கூறுகிறது. அவ்வாண்டு அக்டோபரிலேயே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆகையால் மறுபயணத்தை நாவல் அறியாது. கோத்தகிரியில் இதை வாசிப்போருக்கோ தலைப்பின் திசையே மாறிவிடுகிறது. அங்கே ‘இந்தியர்’ எனப்பட்டோர், நீலகிரியில் அரசின் டான்டீ தோட்டங்களில் குடியமர்ந்தபின் ‘சிலோன்காரர்’ ஆயினர். அரசு இட்ட பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. திரும்பியவருள் பலர் பிறந்ததே இலங்கையில்! அவர்கள் வீட்டில் இன்றும் கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்டு. அந்த ஏக்கத்தை, எகிப்தின் வெங்காயத்தை நினைத்து இஸ்ரவேலர் முறுமுறுத்ததற்கு ஒப்பிட்டு நாமும் பிரசங்கித்ததுண்டு. அது பிழையான வியாக்கியானம். அவர்கள் நினைத்தது எஜமானின் பந்தியை அன்று, தாய் சுட்ட ரொட்டியை.