எழுத்தாளரே பதிப்பாளர்: ஒரு திறனாய்வு நோக்கு

நூல் ஒன்று எழுதுவோன் உழைப்பால் மட்டும் நிறைவு பெறுவதில்லை. அதனைத் தேர்ந்து, திருத்தி, அச்சேற்றி, விற்கும் பதிப்பாளரும், வாங்கிப் படித்துக் கருத்துரைக்கும் வாசகரும் சேர்ந்தே அதற்கு வாழ்வளிக்கின்றனர். மலேசியத் தமிழ்ப் புனைகதை நூல்கள் பலவற்றின் முதற்பக்கத்தைப் புரட்டினாலோ, எழுதியவரின் பெயரும் வெளியிட்டவரின் பெயரும் ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். இந்நாட்டில் நாவல் எழுதுகிறவரே முதல் போடுபவர், மெய்ப்புத் திருத்துபவர், மூட்டை சுமப்பவர், விற்பவர். இந்நிலை நம் இலக்கியத்தின் தரத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். சொந்தச் செலவில் நூல் வெளியிடுவது எவ்வகையிலும் இழிவன்று. மகாகவி பாரதியார் 1920ஆம் ஆண்டில் தம் எழுத்துகளை 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டு, அதற்குப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். சி. சு. செல்லப்பா தம் நூல்களைத் தாமே அச்சிட்டு, சுமந்து சென்று கல்லூரிதோறும் விற்றவர். 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாக நாவலை அவர் 1997இல் தாமே வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1998இல் அவர் மறைந்தபின், 2001ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது அந்நூலுக்கு வழங்கப்பெற்றது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. செல்லப்பா 1959 முதல் 'எழுத்து' என்னும் ஏட்டை நடத்தித் திறனாய்வுக்கென ஒரு களம் அமைத்தவர். அச்சகம் மட்டும் இருந்தால் இலக்கியம் வளர்ந்துவிடாது என்பதை அறிந்த பதிப்பாளர் அவர்.

நம் நாட்டின் நிலைக்கு வருவோம். மலாயாவின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இல் வெளிவந்தது. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகியும், நம் நாவல்களைத் தொடர்ந்து வாங்கிப் பதிப்பிக்கும் வலிமையுள்ள நிறுவனங்கள் இங்கு வேரூன்றவில்லை. வாசகர் தொகை சிறிது; கடைகள் சில; தமிழகச் சந்தையோ நம் நூல்களுக்கு எளிதில் கதவு திறப்பதில்லை. இருந்தும் எழுதினார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட நம் மக்களின் வரலாற்றை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் பதிவு செய்தன. பகாங்கில் 1983இல் வெளிப்பட்ட தொழிலாளர் கொத்தடிமைக் கொடுமையைக் கோ. புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலாக்கினார். சை. பீர்முகம்மது இந்நாட்டுச் சிறுகதைகளைத் தேடித் திரட்டி 'வேரும் வாழ்வும்' என்னும் தொகுப்பைக் கொணர்ந்தார். இத்தகைய பணிகளை நமக்காக அயலார் வந்து செய்வர் என எதிர்பார்க்க இயலாது. ஆதலின் இங்கு நூல் வெளியிடும் தனி எழுத்தாளரின் உழைப்பு ஓர் இனத்தின் நினைவைக் காக்கும் உழைப்பாகும். அத்துணை மதிப்புடைய பணி என்பதனாலேயே அது கூர்ந்து நோக்கப்பட வேண்டும் என்கிறோம்.

இனி, நூல் உருவாகும் முறையைக் காண்போம். கையெழுத்துப் படி கணினியில் தட்டச்சாகிறது. பக்க அமைப்பும் அட்டைப்படமும் கூலிக்குச் செய்யப்படுகின்றன. தேசிய நூலகத்தில் அனைத்துலகத் தர நூல் எண் பெறப்படுகிறது. 1986ஆம் ஆண்டின் சட்டப்படி அந்நூலகத்துக்குப் படிகள் ஒப்படைக்கப்பட வேண்டும். அச்சு வேலை இங்கோ சென்னையிலோ நடைபெறுகிறது. மரபான அச்சு முறையில் தொடக்கச் செலவு மிகுதி. நூறு படி அடித்தாலும் ஐந்நூறு படி அடித்தாலும் அத்தொடக்கச் செலவு மாறுவதில்லை. எனவே ஒரு படியின் விலையைக் குறைக்க வேண்டி, தேவைக்கு மேல் அச்சிடுகிறார் எழுத்தாளர். சேமிப்பு கரைகிறது, சிலருக்குக் கடனும் ஏறுகிறது.

இக்கடனை அடைக்க நாம் கண்ட வழியே வெளியீட்டு விழா. தலைநகரிலும் கிள்ளானிலும் பிற ஊர்களிலும் இவ்விழாக்கள் ஒரே அச்சில் வார்த்தாற்போல் நிகழ்வதை ரவாங்கிலிருந்து சென்று வரும் என் போன்றோர் நன்கறிவோம். குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பிரமுகர் உரை, முதல் நூல் பெறுதல், பின்னர் வரிசையாக மேடையேறி உறையைக் கொடுத்து நூலைப் பெறுதல். இருநூறு பேர் வந்தனர் என வைத்துக்கொள்வோம். நூலின் விலைக்கு மேலேயே பலர் உறையில் வைத்திருப்பர். அச்சகக் கணக்குத் தீர்ந்துவிடும். நம் சமுதாயத்தின் பெருந்தன்மைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இப்பெருந்தன்மைக்குள் ஒரு குறை மறைந்துள்ளது. உறை கொடுத்தவர் எழுத்தாளருக்கு உதவினார். நூலை அவர் தேர்ந்து வாங்கவில்லை. திருமண வீட்டில் மொய் எழுதியவர் மணமக்களின் குணநலனை ஆராய்வதில்லை. அவ்வாறே இவரும் வீடு சென்று நூலைப் பிரிக்கக் கடமைப்பட்டவரல்லர். நூல் விற்றுவிட்டது, படிக்கப்படவில்லை. எஞ்சிய படிகள் எழுத்தாளர் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. மேடையில் நிகழும் ஆய்வுரையும் விழாவின் ஓர் அங்கமாகிவிடுகிறது. உறவினரும் நண்பரும் சூழ்ந்திருக்கும் அவையில் குறை கூற எவருக்கு மனம் வரும்? பாராட்டிவிட்டு அமர்கிறார். எழுத்தாளரும் அதனையே தம் படைப்பின் மதிப்பீடாகக் கொள்கிறார். அடுத்த நூலும் அதே குறைகளுடன் வருகிறது.

அக்குறைகள் யாவை? உழைப்பாளி ஒருவர் மேடைத் தமிழில் உரையாடுவது. கதை நின்று ஆசிரியர் அறவுரை பகர்வது. தந்தையின் வயது இடையிடையே மாறுவது. ஐம்பது பக்கத்தில் முடிய வேண்டியது இருநூறு பக்கமாக நீள்வது. தோட்டப்புற நாவல் ஒன்றில் நண்பகல் வெயிலில் கதைத்தலைவன் பால்மரம் சீவத் தொடங்குகிறான் எனக் கொள்வோம். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் பால் நன்கு சுரக்கும் என்பதை அறிந்த பழைய பால்மரத் தொழிலாளி ஒருவர் படித்திருந்தால் முதல் வாசிப்பிலேயே பிடித்திருப்பார். பிறர் கண் படாது அச்சேறும் நூலில் இத்தகைய பிழைகள் நிலைத்துவிடுகின்றன. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, அது இயற்கை. பிறர் பார்த்துச் சொல்ல ஓர் ஏற்பாடு இல்லாததே நம் குறை.

அத்தகைய ஏற்பாடு நம்மிடம் ஒரு காலத்தில் இருந்தது. 1950ஆம் ஆண்டையொட்டித் 'தமிழ் நேசன்' ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுத விழைந்தோரைப் பயிற்றித் தரம் பார்த்தது. அவ்வேட்டில் பணிபுரிய 1952இல் வந்த கு. அழகிரிசாமி, தாம் இங்கிருந்த ஆண்டுகளில் இலக்கிய வட்டம் கூட்டிக் கதைகளை வெளிப்படையாக விமரிசிக்கச் செய்தார். அன்று உருவான எழுத்தாளர் தலைமுறையின் வலிமைக்கு அக்கண்டிப்பும் ஒரு காரணமாகும். ஏட்டின் ஞாயிறு பதிப்பாசிரியர் ஒரு கதையைத் திருப்பி அனுப்புவதும் ஒருவகைத் திறனாய்வே. 'தமிழ் நேசன்' 2019இல் நின்றபோது அத்தகைய வாயில்களுள் ஒன்று அடைபட்டது. புனைகதையும் திறனாய்வும் ஒருங்கே எழுதிய ரெ. கார்த்திகேசு 2016இல் மறைந்தார். அவர்தம் இடங்கள் எளிதில் நிரம்புவன அல்ல.

கண்டிப்பாக விமரிசித்தால் எழுதும் சிலரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவர் எனச் சிலர் அஞ்சுவர். இவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. சொந்தப் பணத்தை இழந்து நூல் வெளியிட்டவரிடம் அச்சான பிறகு குறைகளை அடுக்குவது ஓரளவு கொடுமையே. ஆதலின் கண்டிப்புக்குரிய காலம் அச்சுக்கு முந்தியதாகும். ஆசிரியர் பயிற்சியில் விரிவுரைஞர் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்து, பாடம் முடிந்தபின் தனியே அழைத்துத் திருத்துவார். மாணவர் முன்னிலையில் அவர் குறை கூறுவதில்லை. அவ்வாறு திருத்தப்பட்டதால் பயிற்சியை விட்டு ஓடியவர் அரியர். எழுத்தாளருக்கும் அவ்வாறு தனியே சொல்வாரை நாம் அமைத்துத் தரலாகாதா?

செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, அச்சுக்கு முன் கையெழுத்துப் படியை மூவர் படித்தல்: மொழியறிந்த ஒருவர், கதைக்களத்தை வாழ்ந்தறிந்த ஒருவர், இளம் வாசகர் ஒருவர். எழுத்தாளர் சங்கங்கள் இதனைப் பொறுப்பேற்கலாம். இரண்டாவது, சிறு எண்ணிக்கையில் அச்சிடல். இன்றைய மின்னிலக்க அச்சில் ஐம்பது படியும் அடிக்க இயலும். தேவைக்கேற்ப மீண்டும் அடிக்கலாம். கடன் குறையின், உறைகளை நம்பி விழா எடுக்கும் கட்டாயமும் குறையும். மூன்றாவது, விழா முடிந்து மூன்று திங்கள் கழித்து, நூலைப் படித்தவர் மட்டும் கூடும் ஓர் உரையாடல். பத்துப் பேர் வரினும் போதும். ரவாங் போன்ற ஊர்களில் தமிழ்ப்பள்ளி மண்டபமே அதற்கு இடமாகலாம். நாட்டிலுள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஓர் உள்நாட்டு நாவலையேனும் விரும்பி வாங்கிப் படிப்பரேல், அதுவே பெரியதொரு வாசகர் படையாகும்.

எழுத்தாளர் தம் பணத்தையும் உறக்கத்தையும் கொடுத்துவிட்டார். நாமோ உறையைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததெனக் கருதுகிறோம். அவர் நம்மிடம் எதிர்பார்ப்பது இன்னும் ஒன்றுண்டு: நூலை முழுமையாகப் படித்தல், படித்தபின் உண்மையைச் சொல்லுதல். பணத்தினும் அருமையான அவ்வுதவியைச் செய்ய முன்வருவோமாக.