கமுதி விறகும் எங்கள் விறகும்

கமுதிப் பக்கம் ஒரு கலியாண வீட்டில், பந்தலுக்குப் பின்னால் சமையல் நடந்த இடத்தில் நின்று, விறகை எவ்வளவு காலம் காயப்போடுவீர்கள் என்று கேட்டேன். அந்த வீட்டு அக்கா சிரித்துவிட்டார். "வேலிக்கருவைய பச்சையா வெட்டி வச்சாலும் எரியும்ணே. இதுக்குப் போயி மாசக்கணக்குல மெனக்கெடுவாகளா? உங்க ஊர்ல கேஸு இல்லையா?"

கேஸ் இருக்கிறது. விறகும் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அது கிடைத்ததை அடுப்புக்குள் தள்ளுகிற சங்கதி அல்ல. காடு வன்னியில்தான், குடாநாட்டில் வளவும் வேலியும் தருவதை வைத்துத்தான் உலை கொதிக்க வேண்டும். வேலியில் தழைத்த பூவரசங் கொப்புகளைச் சித்திரை வெயிலுக்கு முன் தறித்துக் கொத்திப் போட்டால், ஆடிச் சோளகக் காற்று அடித்து ஓய ஈரம் போய்விடும். பச்சை விறகின் எடையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். அப்படியே வைத்தால் தலைப்பில் நுரை கக்கிச் சீறும். சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சரி. காய்ந்த துண்டின் வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்னும். அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கொட்டிலுக்குள் எடுப்பார்.

கொட்டிலில் கல் வைத்து, குறுக்கே பனங்குற்றி போட்டு, சுவரோடு ஒட்டாமல் அடுக்குவோம். கறையானும் ஏறாது, காற்றும் ஓடும். பனையின் கங்குமட்டை ஒரு பக்கம், ஊமல் ஒரு கடகத்தில், பற்றவைக்கப் பன்னாடை. பொச்சுமட்டையும் சிரட்டையும் அடுப்படிக்குக் கிட்ட. ஐப்பசி மாரிக்கென்று ஒரு கட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஏறும். புகை பட்ட விறகை வண்டு துளைக்காது. கொடுக்கான் (தேள்) மட்டும் எந்த அடுக்கிலும் குடியிருக்கும், அதை மறைக்கப்போவதில்லை.

கமுதியில் நான் கண்ட குவியல் வெட்டவெளியில் முள்ளும் தடியுமாய்க் கிடந்தது. சிரட்டையை அங்கே கொட்டாங்குச்சி என்றார்கள். அதுவும் குவியலோடு குவியல். ஒரு கலியாண வீட்டை வைத்து ஒரு மாவட்டத்தை அளக்கலாமா என்பீர்கள். அளக்கத்தான் செய்கிறேன். ஆனாலும் போகிற வழியில் அவர்களுடைய கரிமூட்டத்தைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை. வேலிக்கருவைத் துண்டுகளை இடுக்கு இல்லாமல் அடுக்கி, வைக்கோலால் மூடி, மேலே மண் பூசி, காற்றை அடக்கி நாட்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகவிட்டுக் கரியாக்குகிறார்கள். அடுக்கத் தெரியாத சனங்கள் அல்ல; விற்பதற்கு அடுக்குகிறார்கள், வீட்டுக்கு அடுக்குவதில்லை.

எங்களுக்கும் இந்தக் கவனம் சும்மா வரவில்லை. 1990க்குப் பிறகு அரசு போட்ட பொருளாதாரத் தடையில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்யும் எட்டாத விலை. பிறகு 2022 நெருக்கடியில் 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாய்க்குக் கிட்டப் போய், வரிசையில் நின்றும் கிடைக்காத நாட்களில், கொழும்பு மாடிவீட்டு உறவுகள் விறகுக்கு அலைந்தார்கள். எங்கள் வளவில் யாரும் அலையவில்லை. கமுதிக்கு அப்படியொரு காலம் வந்தாலும் வேலிக்கருவை கைகொடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். முள் கழிக்கத்தான் நேரம் பிடிக்கும்.